உனக்காக நான் நிறுத்திய கம்ப்யூட்டர்

காசிமேட்டுக் கல்லறையில் கடல்காற்று வாங்கிக்கொண்டு படுத்திருக்கும் என் சூசையண்ணனுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன்னைப் பார்க்க வருகிறேன். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு லூர்து அண்ணியின் முழங்கால் வலி, ராயபுரத்தில் மூன்று நாளாகத் தண்ணீர் வராதது, மாதா கோயில் கொடியேற்றம் என்று எல்லாக் கதையும் சொல்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லாமலே திரும்பி வந்துவிடுகிறேன். உன் பெயர் வெட்டிய கல்லைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

உன் கம்ப்யூட்டர் ஓடவில்லை அண்ணா. இனி ஓடவும் ஓடாது.

இதைத் தொழிலாளர் சங்கத்துச் சுவரில் ஒட்டப்போகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். திருவொற்றியூரில் லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கிற தெருவில், சங்க ஆபீசுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ரூம். அதில் ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், அதோடு ஒயரில் மாட்டிய ஒரு ஊதுகுழாய். கிளினிக்கை மூடிவிட்டுப் போன ஒரு டாக்டரம்மா உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. ஃபவுண்டரியில் எலெக்ட்ரீஷியன் வேலையை விட்ட பிறகு, வாரத்தில் திங்களும் வியாழனும் நீ அங்கேதான் இருந்தாய். மணல் தூசியில் வேலை செய்கிறவர்கள் வந்து மூச்சை இழுத்துப் பிடித்து ஊதுவார்கள். நெஞ்சிலிருந்து எத்தனை லிட்டர் காற்று வந்தது என்று கம்ப்யூட்டர் காட்டும், தன்னிடம் எழுதியும் வைத்துக்கொள்ளும். பெயர் அடிப்பது என் வேலை.

அந்தத் தெருவில் ஒரு பழக்கம் உண்டாக்கினாய். ஃபவுண்டரியில் வேலை கிடைத்த எவனும் முதல் ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் உன் ரூமுக்கு வந்து ஒரு தடவை ஊதிவிட்டுத்தான் போவான். அதற்கு நீ வைத்த பெயர் முதல் மூச்சு. "இன்னிக்கு உன் நெஞ்சு சுத்தமா கீது. அத்த இங்க வச்சிட்டுப் போ. நாளைக்கு எவனாச்சும் வந்து நீ பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்னு சொன்னா, இத்தை எடுத்து மூஞ்சில காட்டலாம்" என்பாய். பையன்கள் சிரித்துக்கொண்டே ஊதுவார்கள். மூன்று லிட்டர், நான்கு லிட்டர், ஒருத்தன் ஐந்துகூட ஊதினான், ஞாபகம் இருக்கிறதா?

இருபத்திரண்டு வருஷம் அந்தப் பெட்டி ஓடியது. சங்க ஆபீசில் அதே சமயம் வாங்கிய கம்ப்யூட்டர் நாலே வருஷத்தில் குப்பைக்குப் போனது. அப்புறம் வந்ததும் போனது. உன்னுடையது மட்டும் கிழவி மாதிரி முனகிக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டேன், இது மட்டும் ஏன் சாகவே மாட்டேன் என்கிறது என்று.

"அதுக்கு ஒரே வேலைமே. ஊதுறத எண்ணுது, எழுதிக்குது. அவ்ளோதான். பாட்டு கேக்குறேன், படம் பாக்குறேன்னு நாம அத்த பேஜாரு பண்றதில்ல. நெட்டுன்னா இன்னான்னே அதுக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் நிம்மதியா கீது."

நீ சொன்னது பாதிதான். மீதியைக் கண்ணால் பார்த்தவள் நான். என் பழைய நைலக்ஸ் புடவையைக் கிழித்துக் காற்று போகும் ஓட்டையில் கட்டிவைத்தாய், வாரம் ஒருமுறை அதைத் துவைத்துக் காயப்போட்டாய். பெட்டியைத் திறக்க நாலு திருகாணி, எந்த ஸ்க்ரூ டிரைவராலும் கழற்றலாம். உள்ளே போர்டில் உப்பிப்போன கெப்பாசிட்டரைப் பிடுங்கிவிட்டுப் புதுசு வைத்தாய். உப்புக்காற்றில் மெமரிப் பட்டையின் பல் பச்சை பிடித்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்தாய். ரிச்சி தெருவில் எவனாவது அதே மாடலை உடைத்துப் போட்டால், ஃபேன், பவர் சப்ளை, ஒயர் என்று அள்ளிக்கொண்டு வருவாய். எதைக் கழற்றினாலும் அதே அளவில் இன்னொன்று கிடைத்தது. இப்போது வருகிறதெல்லாம் ஒட்டிவைத்துத்தானே வருகிறது? நகத்தை உடைத்துக்கொண்டாலும் திறக்க முடியாது.

நிறுத்தவும் மாட்டாய். ராத்திரி பகல், பண்டிகை நாள், எப்போதும் ஓடும். கரண்ட் போனால் யூ.பி.எஸ்., அதற்கும் மேலே ஒரு லாரி பேட்டரி. "சூடாவே இருந்தா உப்பு ஏறாது" என்றுதான் எனக்குச் சொன்னாய். அது மட்டும்தான் காரணம் என்று நானும் நம்பினேன்.

ஒவ்வொரு திங்களும் முதலில் என்னை ஊதச் சொல்வாய். தூசிப் பக்கமே போகாத ஆள் நான், என் மூச்சை வைத்துத்தான் மிசின் சரியாக எண்ணுகிறதா என்று பார்ப்பாய். "தராசுல கல்லு நீதான், தம் கட்டி ஊது" என்பாய். மூன்று புள்ளி ஒன்று. வாரா வாரம் அதே மூன்று புள்ளி ஒன்று. எனக்குச் சலித்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகவும் இருக்கும்.

அந்தப் பட்டியலில் சகாயம் என்று ஒரு பெயர் இருந்தது. நான் அடிக்காத பெயர். மாதம் ஒரு தடவை அவன் எண் ஏறியிருக்கும், ஆளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்பா பேராயிற்றே என்று கேட்டேன். எண்ணூர் முழுக்கச் சகாயம்தான், இவன் நைட் ஷிப்ட் ஆள், நான் தனியாக இருக்கும்போது வருவான் என்றாய். இரண்டு புள்ளி நாலு, ஒன்று புள்ளி ஒன்பது, ஒன்று புள்ளி ஐந்து. "பாவம் இந்த ஆளு, ரொம்ப நாள் தாங்க மாட்டான் போலிருக்கே" என்று நானே உன்னிடம் சொன்னேன். நீ நைலக்ஸ் துணியை உதறிக்கொண்டு, "ஆமாம்மே, கஷ்டந்தான்" என்றாய்.

எந்த வாயால் அதைச் சொன்னாய் அண்ணா? ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சுப் படத்தை விளக்கு வெளிச்சத்தில் காட்டி டாக்டர் பேசும்போதுதான் சகாயம் யார் என்று எனக்குப் புரிந்தது. ஊர்க்காரர்கள் மூச்சையெல்லாம் அவரவர் பெயரில் எழுதிவிட்டு உன்னுடையதை மட்டும் செத்துப்போன அப்பா பெயரில் ஒளித்துவைத்தாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். உன்னை ராயபுரத்திலிருந்து வண்டியில் ஏற்றி, கல்லறைக்குப் போவதற்கு முன்னால் சங்கத்து வாசலில் இறக்கினார்கள். தொழிலாளி செத்தால் மிசினை நிறுத்த வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். அப்பாவுக்காக ஹார்பரில் கிரேனை நிறுத்தினார்கள், சின்ன வயதில் நாம் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். உனக்காக அந்தத் தெருவில் லேத் முழுக்க நின்றது. கிரைண்டர் நின்றது. சைக்கிளில் வந்தவன் இறங்கி நின்றான். இத்தனை வருஷத்தில் அந்தத் தெரு அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம் வந்தது. பின் ரூமிலிருந்து உன் கம்ப்யூட்டரின் ஃபேன்.

எனக்குத் தாங்கவில்லை. தெருவே உனக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறது, நீ பிள்ளை மாதிரி வளர்த்த சனியன் அதுபாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கிறது. உள்ளே போனேன். மெயின் சுவிட்சை அணைத்தேன், விளக்கு அணைந்தது, அது ஓடியது. மற்றவர்கள் செத்தபோதெல்லாம் நீயும் இதே மெயினைத்தான் அணைப்பாய். துக்கத்துக்கு மட்டும் யூ.பி.எஸ்.ஸையும் சேர்த்து நிறுத்துகிறாய், அதுவும் நிற்கிறது என்றே நினைத்திருந்தேன். யூ.பி.எஸ்.ஸிலிருந்து திரைச்சீலைக்குப் பின்னால் நீ தனி ஒயர் இழுத்திருந்தது எனக்கு எங்கே தெரியும்? அந்த ஒயரைத் தேடிப் பிடித்து, கழற்றி, அழுதேன். ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. உனக்குச் செய்ய வேண்டியதை முறையாகச் செய்துவிட்டோம் என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

எட்டாம் நாள் போய் ஒயரைத் திரும்ப மாட்டினேன். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டது. அடித்தேன். எண்ணெல்லாம் எழுதிவைத்த டிஸ்க் எங்கே என்று கேட்டது.

ரிச்சி தெருவில் உன்னைத் தெரிந்த கடைக்காரரிடம் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். காதருகே வைத்துக் கேட்டார், திறந்து பார்த்தார், யார் யாரிடமோ அனுப்பிப் பார்த்தார். பத்து நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

"படிக்கிற முள்ளு தட்டு மேல ஒட்டிக்கினு கீதுக்கா. தட்டும் கீறிப்போச்சு. இது வயசான டிஸ்க்கு, ஓடிக்கினே இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இஸ்துகினு போயிருக்கும். சூடு ஆறுனா அவ்ளோதான். சூசையண்ணனுக்கு இது நல்லாத் தெரியுமே. யாரு ஆஃப் பண்ணது?"

"கரண்ட் போயிடுச்சு" என்றேன்.

"யூ.பி.எஸ். இருந்துச்சே?"

நான் டிஸ்க்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவரும் மேலே கேட்கவில்லை, ஒன்றை மட்டும் சொன்னார். நீ சாவதற்கு முந்தின வருஷமே அவரிடம் அந்த மாதிரி டிஸ்க் வேறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய். இல்லை என்றாராம். அது கடைசி டிஸ்க் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நின்றால் எழுந்திருக்காது என்றும் தெரிந்திருக்கிறது. நாள் முழுக்க உன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? "நிறுத்தாதே" என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டக் கூடாதா?

சில கம்ப்யூட்டர் ஏன் பல வருஷம் உழைக்கிறது என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் சொல்வேன். திருகாணி இருந்தால் உழைக்கும், உதிரி கிடைத்தால் உழைக்கும், ஒரே வேலை கொடுத்தால் உழைக்கும். அதற்கெல்லாம் மேலே, அதன் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன உடம்பு என்று சொல்கிற ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான் என்றால் அவனோடு அதுவும் போய்விடும். நீ அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாய். ஆனால் உனக்குப் பிறகு பார்க்க ஒருத்தரைத் தயார் செய்யவில்லை, தன் மூச்சையே ஒளித்துவைத்தவன் எங்கே அதைச் செய்வான்?

நகல் ஏன் இல்லை என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். ஃப்ளாப்பியில் எடுத்து வைத்தாய், அதில் பூஞ்சை பிடித்தது. அந்த எண்ணெல்லாம் அந்தப் பெட்டியில் இருந்த புரோகிராமுக்கு மட்டும்தான் புரியும், அதை விற்ற கடை மூடி எத்தனையோ காலம் ஆயிற்று. ஊதியவர்களுக்குக் கொடுத்த சீட்டு பஸ் டிக்கெட் மாதிரி வழவழத் தாள், இரண்டு மழைக்காலத்தில் வெள்ளையாகிவிடும்.

கஜா மட்டும் தன் சீட்டைப் பத்திரமாக வைக்க ஆசைப்பட்டான். கஜேந்திரனைத்தான் சொல்கிறேன், இருபத்துநாலு வயதில் வந்து முதல் மூச்சு நாலு புள்ளி இரண்டு ஊதிவிட்டு விசில் அடித்தானே, அவன். சீட்டு கைக்கு வந்த மறுநாளே லேமினேஷன் போட்டுவிட்டான். அந்தத் தாளில் சூடு பட்டால் கறுத்துப்போகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பிளாஸ்டிக்குக்குள் கரிக்கட்டையாக ஒரு அட்டை, அதை இத்தனை வருஷம் பீரோவில் வைத்திருக்கிறான். "போனா போவுது, சூசையண்ணன் பொட்டியில கீதே" என்று தைரியமாக இருந்தான்.

போன வாரம் கஜாவை மருத்துவக் குழு கூப்பிட்டது. இது வேலையால் வந்த நோய் என்று அவர்கள் ஒரு வரி எழுதினால் போதும், சாகும்வரை அவன் வைத்தியம் கம்பெனி பொறுப்பு. நானும் கூடப் போனேன். மாடிப்படி பதினெட்டு, மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறினான். வேலைக்குச் சேர்ந்தபோது நெஞ்சு எப்படி இருந்தது என்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். அவன் அந்தக் கறுப்பு அட்டையை எடுத்து நீட்டினான். அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து, "நாலு புள்ளி இரண்டு, என் கண்ணால பார்த்தேன் சார்" என்றேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், உட்காரச் சொன்னார்கள். ஃபைல் திரும்பி வந்துவிட்டது. ஆரம்பத்திலிருந்தே அவன் நெஞ்சு இப்படித்தான் இருந்திருக்கும், பீடியாகவும் இருக்கலாம் என்று கம்பெனி எழுதியதே நிலைத்துவிட்டது.

கீழே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். என்னைத் திட்ட மாட்டானா என்று ஏங்கினேன். அவன் என்னைத் தேற்றுகிறான் அண்ணா.

"வுடுக்கா. அண்ணன் போன துக்கம் தாங்காம அன்னிக்கே அதுவும் பூட்ச்சி. மிசினுக்குக் கீற விசுவாசம் எந்த மன்சனுக்குக் கீது?"

தெரு முழுக்க இந்தக் கதைதான். சூசை செத்த நிமிஷம் கம்ப்யூட்டரும் உயிரை விட்டது என்று கேட்பவர்களெல்லாம் கண் கலங்குகிறார்கள். உன் நினைவுக் கூட்டத்தில்கூட ஒருத்தர் மைக்கில் சொன்னார், கை தட்டினார்கள். முதல் நாள் பயத்தில் சும்மா இருந்தேன். அப்புறம் கதை அழகாகிவிட்டது, அதை உடைக்க மனசு வரவில்லை. எட்டு மாதமாக அந்தக் கைத்தட்டலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன். ஒளிவதில் நானும் உன் தங்கச்சிதான்.

இப்போது ரூமில் புது லேப்டாப் இருக்கிறது, புது ஊதுகுழாயும் இருக்கிறது. செத்துப்போன ஒரு மெம்பருடைய பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள், மனசார நன்றி. ஆனால் ஒருத்தன் நெஞ்சு வெடிக்க ஊதிக்கொண்டிருக்கும்போது, காத்திருக்கவும், புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறது. நெட் இல்லையென்றால் ஊதியதையே மறந்துவிடுகிறது. அதில் நான் ஊதினால் இரண்டு புள்ளி எட்டு. மிசின் தப்பா, என் நெஞ்சுக்கு ஏதாவது வந்துவிட்டதா? பழைய பெட்டி இருந்தால் அதிலும் ஊதிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பேன். தராசுக் கல்லின் எடையே இப்போது யாருக்கும் தெரியாது.

இந்தத் திங்கட்கிழமை கஜா வந்தான். வாசலில் கொஞ்ச நேரம் நின்று இளைப்பாறிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஊதினான். ஒன்று புள்ளி மூன்று. நெட்டை நம்ப முடியாது என்று ஒரு நீள நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதில் முதல் பக்கம், முதல் வரி. பெயர் எழுதினேன், எண் எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் முதல் மூச்சு என்று தலைப்புப் போட்டிருந்தேன். அங்கே வந்ததும் கை நின்றுவிட்டது.

அவன் எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா யோசிக்கிற? வேற எதுவும் இல்லியே. இத்தையே என் மொத மூச்சுன்னு எழுதிக்கோ" என்றான்.

எழுதினேன் அண்ணா. நாலு புள்ளி இரண்டு ஊதி விசில் அடித்தவனுக்கு, முதல் மூச்சு ஒன்று புள்ளி மூன்று என்று என் கையாலேயே எழுதினேன். கம்பெனி சொன்ன பொய் இப்போது நம் நோட்டிலும் இருக்கிறது. இனி யார் வந்து புரட்டினாலும் அவன் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். நாளைக்கு ஒட்டப்போகிறேன். கஜா படிப்பான். அவன் அப்புறம் ரூமுக்கு வருவானா, என் முகத்தைப் பார்ப்பானா, தெரியவில்லை. வராவிட்டால் அவன் பக்கம்தான் நியாயம்.

ஒரு சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள். வருகிற ஒவ்வொரு மூச்சையும் மூன்று நோட்டில் எழுதுவேன். ஒன்று ரூமில், ஒன்று சங்கத்தில், ஒன்று ஊதியவர் வீட்டில். அவரவர் பெயரில் மட்டும்தான் எழுதுவேன். இதனால் கஜாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, செத்துப்போனவர்களுக்கும் இல்லை, அது எனக்குத் தெரியும். அந்த டிஸ்க்கில் இருந்த அத்தனை மூச்சிலும் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தவை மூன்றே மூன்று. என்னுடையது, கஜாவுடையது, கடைசியாகச் சகாயம் ஊதிய ஒன்று புள்ளி ஒன்று. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை உன் சொந்தப் பெயருக்கு நேராக எழுதிவிட்டேன்.

உன் கம்ப்யூட்டர் தானாகச் சாகவில்லை, அதை நிறுத்தியது நான்தான்.

உன் தங்கச்சி,
பிலோமினா